மேல்வாய்க்காலார்

பிஷ்கேக்
ஜூன் 14

குல்சனா அக்காவுக்கு,

என் பெயர் பெக்தூர். எங்கள் பல்கலைக்கழகத்து மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்துக்காக நீங்கள் அத்பாஷியில் உட்கார்ந்து பாடப் புத்தகங்களைப் படித்துக் குரல் பதிவு அனுப்புகிறீர்களே, அதைக் கேட்டுப் படிக்கிற பார்வையற்ற மாணவர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களை இரண்டு வருடமாகத் தெரியும். உங்கள் அடுப்பில் கெட்டில் எப்போது சீறும், மாமியார் எந்தப் பக்கத்தில் வந்து கூப்பிடுவார் என்பது வரை தெரியும்.

முதலில் ஒன்று. இதற்குக் குரலில் பதில் அனுப்பாதீர்கள். எழுதி அனுப்புங்கள். கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் இயந்திரக் குரல் ஒன்று இருக்கிறது. நம் மொழியை அது ரஷ்ய நாக்கை வைத்துக்கொண்டு மென்று துப்பும். பரவாயில்லை, எனக்குப் புரிந்துவிடும். உங்கள் குரலைக் கேட்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று முன்தினம் நாட்டு வரலாற்றுக்கான அரசுத் தேர்வு. எல்லோரும் எழுதித் தீர வேண்டிய தேர்வு, எழுதுவது என்ன, தேர்வுக்குழு முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டியது. மேசையில் இருந்து ஒரு கேள்விச் சீட்டை எடுத்து நீட்டினேன். பேராசிரியர் படித்துக் காட்டினார். நாரின் வட்டாரத்தில் கோகந்த் அரசின் வரிக்காரர்களை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அந்த அத்தியாயம் எனக்கு மனப்பாடம்.

"சொல்லுப்பா, யாரு தலைமை தாங்குனது?"

"மேல்வாய்க்காலார்."

"யாரு?"

"மேல்வாய்க்காலார். மேல்வாய்க்கால் பெரியவர்னும் சொல்லுவாங்க."

"அப்படி ஒருத்தர் நம்ம வரலாத்துலயே கிடையாதேப்பா."

"இருக்காரு. புத்தகத்தை நான் மூணு தடவை கேட்டிருக்கேன். நீங்க படிச்சிருக்கீங்களா?"

பேராசிரியரைப் பார்த்து அப்படித்தான் கேட்டேன், அக்கா. அவ்வளவு நம்பிக்கை உங்கள் மேல்.

குழுவில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் முதலில் பிடிபட்டது. "ஐயோ, இவனுக்கு எவளோ ஒரு மருமக படிச்சுக் காட்டியிருக்கா! அந்தத் தலைவர் பேரு காசிமாலி. அவ மாமனாருக்கும் அதே பேரா இருக்கும், வாய் வரலை மகராசிக்கு!" என்று மேசையைத் தட்டிச் சிரித்தார். பேராசிரியர் விடவில்லை. "அப்போ கோகந்து கான் யாரு தம்பி, கீழ்வாய்க்காலாரா?" வரிசையில் நின்ற என் வகுப்பு மொத்தமும் சிரித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் போய்விடும் என்று முயன்று பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

ஐந்துக்கு இரண்டு போட்டார்கள். இரண்டு என்றால் தோல்வி. செப்டம்பரில் மறுதேர்வு ஒன்று உண்டு. அதிலும் போனால் பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கிவிடுவார்கள், விடுதி அறையும் போகும். தலாஸில் அண்ணன் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே என்னை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாது.

இன்னும் எங்கெல்லாம் இப்படி மாற்றிப் படித்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

பெக்தூர்


அத்பாஷி
ஜூன் 22

தம்பி பெக்தூர்,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டிலில் நின்று படித்தேன். வீட்டுக்குள் படித்தால் என் முகத்தைப் பார்த்தே மாமியார் கேட்டுவிடுவார். படித்து முடித்து, பால் கறக்க உட்கார்ந்து, கறந்த பாலை அப்படியே உதைத்துக் கொட்டினேன். மாடு உதைத்தது என்று சொல்லிவிட்டேன். பாவம், அதற்கும் என்னால் கெட்ட பெயர்.

அந்தப் பெண்மணி சொன்னது சரிதான். என் மாமனார் பெயரும் அதேதான். நான் கல்யாணமாகி வந்த வாரமே இந்த வீட்டுப் பெண்கள் என்னை உட்காரவைத்து, யார் யாரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாமனார் பெயர், கணவருக்கு மூத்தவர்கள் பெயர், எதையும் மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வீடு வாய்க்காலுக்கு மேல்புறம் இருப்பதால் மாமனார் மேல்வாய்க்காலார். பதினொரு வருடமாக இதுதான் பழக்கம். இப்போது யாராவது என் எதிரில் அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்குக் காது சூடாகிறது.

ஆனால் தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அந்த அத்தியாயத்தைத் திறந்து பெயரைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடிவிட்டேன். சமையலறைக்கும் மாமனார் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அவர் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். முதலில், "இது என் மாமனார் பெயர், சரியான பெயருக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு குறிப்பு பதிந்தேன். பார்வை இல்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதா என்று அதை அழித்தேன். மையத்தில் இருக்கும் ரஹத்திடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். பட்டணத்துப் பெண், இப்படியும் ஒரு பட்டிக்காடா என்று சிரிப்பாள் என்று வெட்கமாக இருந்தது. இந்த வேலையில்தான் நான் கொஞ்சம் படித்தவள் மாதிரி நடமாடுகிறேன். ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு அது பெரிய விஷயம். ஆக, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உன் மானத்தை வாங்கிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். புவியியல் புத்தகத்தில் ஒரு மலைக்கணவாய்க்கு என் மூத்த மைத்துனர் பெயர். அதை "மூத்தவர் கணவாய்" என்று படித்திருப்பேன். வேறெங்கும் இல்லை.

ஒன்று கேட்டால் கோபப்படாதே. நீயும் இந்த நாட்டுப் பிள்ளைதானே? கோகந்தை எதிர்த்துக் குதிரையேறியவருக்கு மேல்வாய்க்காலார் என்று ஒரு பெயர் இருக்குமா என்று உனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லையா?

அத்தியாயத்தை மறுபடி சரியாகப் படித்து அனுப்பலாம் என்று ஆற்றோரம் போய்ப் பழகிப் பார்த்தேன். சுற்றிலும் ஆள் இல்லை. வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. ஆற்றில் துணி அலசிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். வேறு யாரையாவது படிக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

மன்னித்துவிடு என்று எழுதவும் கை கூசுகிறது.

குல்சனா


பிஷ்கேக்
ஜூன் 26

குல்சனா அக்கா,

சந்தேகம் வரவில்லையா என்று கேட்டீர்கள். ஏழு வயதில் என்னைக் கொண்டுவந்து பார்வையற்றோர் விடுதிப் பள்ளியில் விட்டார்கள். அங்கே மருமகளும் கிடையாது, மாமனாரும் கிடையாது. கஞ்சி, மணி, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. லீவில் தலாஸ் போனால் என் அண்ணி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கணவனின் தம்பிக்கும் அந்த மரியாதை உண்டு என்பார்கள். கண் தெரியாதவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாவிட்டால், அந்த அறையில் தான் இருக்கிறோமா இல்லையா என்றே அவனுக்குத் தெரியாது. உங்கள் மரியாதையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடிதத்திலாவது அந்தப் பெயரை எழுதியிருக்கிறீர்களா என்று இயந்திரத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தேன். இல்லை. கைக்குமா வெட்கம்? நான் எழுதுகிறேன், பாருங்கள். காசிமாலி. காசிமாலி. காசிமாலி. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நீங்கள் படித்த எல்லாப் பதிவுகளையும் ரஹத் அக்கா நிறுத்திவைத்துவிட்டார். சொன்னது நான்தான். எந்தச் சொல்லை நம்புவது, எதை விடுவது என்று எங்களால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? உங்கள் புத்தகத்தில் தப்பு இருந்தால் கண்ணை ஓட்டி அடுத்த வரியைப் பார்ப்பீர்கள். எங்களுக்கு நீங்கள்தான் புத்தகம்.

மற்றவர்கள் படித்ததையெல்லாம் நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். உங்களை மட்டும் வேகம் கூட்டாமல் கேட்டேன். அதை நினைத்தால்தான் அதிகம் எரிகிறது.

மறுபடி படிக்க வேண்டாம்.

பெக்தூர்


அத்பாஷி
ஜூலை 8

தம்பி,

வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். இது புத்தகத்தைப் பற்றியது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் இரண்டு கிடாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். அங்கே ஒருவன் கைப்பேசியை உயரத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் எதையோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தானாம். என் குரல். அத்தியாயத்தில் அந்த ஒரு சொல் வருகிற இடங்களை மட்டும் வெட்டி ஒட்டி, மேல்வாய்க்காலார், மேல்வாய்க்காலார், மேல்வாய்க்காலார் என்று நான் பைத்தியம் பிடித்தவள் மாதிரி சொல்லிக்கொண்டே போகிறேன். கடைசியில் ஒரு பையன் சிரிக்கிறான். பெரிய சிரிப்பு. மைத்துனர் மகள் எனக்கும் அனுப்பியிருந்தாள், கேட்டேன்.

"என்ன மேல்வாய்க்காலாரே, கோகந்துக்கு எப்போ படை கிளம்புது?" என்று கேட்டிருக்கிறார்கள். "குதிரை வேணுமா, இல்ல இந்தக் கிடாயிலயே ஏறிப் போறீங்களா?" என்று இன்னொருவன். இந்த ஊரில் எழுபது வருடம் தலை நிமிர்ந்து நடந்த மனிதர். கிடாக்களை விற்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். வெளியே போகும்போதெல்லாம் தலையில் வைக்கிற வெள்ளைத் தொப்பியை ஆணியில் மாட்டினார். அன்று மாட்டியதுதான், இன்னும் எடுக்கவில்லை.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தேநீர் ஊற்றிக் கொடுத்தால் கோப்பையை வாங்கிக்கொள்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. மாமியார்தான், "வீட்டுக்குள்ள இருந்த மானத்தை மைக்கு வச்சு ஊரு பூரா பரப்பிட்டியேடி" என்றார். ரஷ்யாவில், யெகாதெரின்பூர்கில் கட்டட வேலை செய்கிற என் வீட்டுக்காரர் வரை போய்விட்டது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உனக்கு நான் செய்தது பெரிது. ஆனால் சிரித்தவன் உன் விடுதிப் பையன்களில் யாராவதாக இருந்தால், அதை அழிக்கச் சொல்லேன். எனக்காக இல்லை, அந்தப் பெரியவருக்காக. மரியாதை கொடுக்கப் போய் அவர் தலையில் மண்ணை வாரிப் போட்டேன்.

நாளை மறுநாள் மந்தையோடு மேய்ச்சல் மலைக்குப் போகிறோம். அங்கே கைப்பேசிக்கு வேலையில்லை. ஆகஸ்ட் கடைசியில்தான் இறங்குவோம்.

குல்சனா


பிஷ்கேக்
ஜூலை 11

அக்கா,

இந்நேரம் நீங்கள் மலை ஏறியிருப்பீர்கள். நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிரிப்பு என்னுடையது.

வெட்டி ஒட்டியதும் நான்தான். தேர்வு முடிந்து விடுதிக்கு வந்தால் நடைவழியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். "டேய் வாய்க்கால், தண்ணி வருதாடா?" குளியலறையில், சாப்பாட்டு வரிசையில், எங்கே போனாலும் வாய்க்கால். தடியைத் தட்டிக்கொண்டு போனால், "வழி விடுங்கடா, வாய்க்கால் வெட்டிக்கிட்டு வர்றான்" என்றார்கள். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை எனக்கு. சிரிப்பு என் மேல் இருந்து வேறு யார் மேலாவது போய்விட்டால் போதும் என்று இருந்தது.

குரல் பதிவை வெட்டி ஒட்டுவதில் எனக்கு நல்ல கை. மையத்தில்தான் கற்றுக்கொடுத்தார்கள், பாடங்களைப் பிரித்து வைத்துக்கொள்வதற்காக. உங்களை வைத்து அதைச் செய்தேன். அறையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன், எல்லோரும் உருண்டார்கள், நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் கடைசியில் ஒட்டி அனுப்பினேன். பத்துப் பேருக்குத்தான் அனுப்பினேன். அவர்கள் யாருக்கு அனுப்புவார்கள் என்று யோசிக்கவில்லை என்று எழுத வந்தேன், அது பொய். யோசித்தேன். போகட்டும் என்று நினைத்தேன்.

அதைச் செய்துவிட்டுத்தான் மறுநாள் உங்களுக்கு நியாயம் கேட்டு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். நம்பிக்கை என்றெல்லாம் அதில் எழுதியிருந்தேன். இப்போது இயந்திரம் அதைப் படித்துக் காட்டினால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

குரலில் பதில் வேண்டாம் என்றதற்கும் அதுதான் காரணம். நீங்கள் பேசினால் நானும் பேச வேண்டிவரும். எழுத்தில் ஒளிந்துகொள்வது சுலபம், அதிலும் வேறொரு குரல் படித்துக் காட்டுகிற எழுத்தில்.

பெக்தூர்


பிஷ்கேக்
ஆகஸ்ட் 5

அக்கா,

மலையில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் கைப்பேசியைத் தடவித் தடவிப் பார்க்கிறேன்.

அனுப்பிய பத்துப் பேரிடமும் போய் அழிக்கச் சொன்னேன். ஒன்பது பேர் அழித்தோம் என்றார்கள். உண்மையா பொய்யா, எனக்கெப்படித் தெரியும்? பத்தாவது ஆள், "நீதான அனுப்புன, இப்போ என்ன திடீர்னு யோக்கியன்?" என்றான்.

மறுதேர்வுக்கு என்ன செய்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பன் அந்த அத்தியாயத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக் கொடுத்தான். படத்தில் இருக்கிற எழுத்தைப் பிரித்தெடுக்கிற மென்பொருள் எங்கள் மையத்தில் உண்டு. ரஷ்யப் புத்தகம் என்றால் ஓடும். நம் மொழிக்கென்று இருக்கிற எழுத்துகளைக் கண்டால் அது தடுமாறி, ஆண்டையும் பக்க எண்ணையும் பிசைந்து உருட்டிக் கொடுக்கிறது. கிளர்ச்சி எந்த ஆண்டு என்று கேட்டால் நானூற்றுப் பன்னிரண்டு என்கிறது. ரஹத் அக்கா இரண்டு பக்கம் படித்துக் கொடுத்தார். அதற்குள் சக்கர நாற்காலிப் பெண் ஒருத்தி சாய்தளத்தில் சிக்கிக்கொண்டாள் என்று ஓடினார். மையத்தில் இருப்பது அவர் ஒருவர்தான்.

இதையெல்லாம் நீங்கள் இரக்கப்பட வேண்டும் என்று எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்கும்தான். உங்கள் பதிவுகளைத் திரும்பக் கொடுக்கும்படி ரஹத் அக்காவிடம் கேட்டேன். "படிச்சவங்க சம்மதிச்சாத்தான் கொடுப்பேன். அவங்க குரலை வச்சு நீங்க பண்ணுன கூத்து எனக்கும் வந்துச்சு" என்றார். சிரித்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. என் சிரிப்பை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெரியவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாரா?

பெக்தூர்


அத்பாஷி
செப்டம்பர் 2

பெக்தூர்,

மலை இறங்கி வளைவு திரும்பியதும் கைப்பேசிக்கு உயிர் வந்து, உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்து விழுந்தன. குதிரை மேலேயே படித்தேன். வீட்டுக்கு வந்து கைப்பேசியை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவைத்தேன். அப்படி ஒரு கோபம். உன் மேல் கோபம் இல்லை என்று அன்றைக்கு எழுதினேனே, அதை நினைத்து இன்னும் கோபம்.

நீ தோற்றுப் போகட்டும் என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன், நீயும் எதையும் மறைக்கவில்லை. தலாஸில் மூலையில் உட்காரட்டும், பட்டால்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே மாவு பிசைந்தேன்.

அப்போது மாமனார் சமையலறைக்குள் வந்தார். அவர் அங்கே வருவதே இல்லை. வாசலில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சந்தையில சொன்னானுங்களே, பரீட்சையில தோத்த அந்தக் கண்ணு தெரியாத பய, அவன் என்ன ஆனான்?"

"மறுபடி பரீட்சை இருக்கு மாமா. இந்த மாசந்தான்."

"படிக்கப் புத்தகம் இருக்கா அவனுக்கு?"

"இல்ல மாமா."

வாசல்நிலையில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்: "சுவத்துக்கு அந்தாண்ட உக்காந்து நான் கேட்டுக்கிட்டுதாம்மா இருந்தேன். நீ என் பேரை மாத்திப் படிச்சது தெரியும். தப்புன்னும் தெரியும். கோகந்துக்காரன மேல்வாய்க்காலார் விரட்டுனாருன்னு நீ படிக்கப் படிக்க, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? நாந்தான் விரட்டுன மாதிரி. 'அங்க மட்டும் பேரைச் சொல்லிரும்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். சந்தையில அவனுங்க சிரிச்சப்போ நான் உன்னைய நினைச்சு வெக்கப்படலம்மா. என்னைய நினைச்சுதான்."

இத்தனை நாளும் அவர் என் முகத்தைப் பார்க்காததற்குக் காரணம் அதுதான். நான் வேறு என்னவோ நினைத்து மலையில் இரண்டு மாதம் அழுதேன்.

"இப்போ நானே சொல்றேன். எம் பேரைச் சொல்லு. படி" என்றார். மாவுக் கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். முதல் வரியில் பெயர் வருகிறது. அவரே சொல்லச் சொல்லி நிற்கிறார். வாய் திறந்தேன், பெக்தூர். வரவில்லை. மறுபடி. மறுபடி. ஆசிரியர் பயிற்சி முடித்தவள், உனக்கு ஒரு பெயரைச் சரியாகப் படித்துக் கொடுக்க வக்கில்லாமல் அவர் எதிரில் நின்று அழுதேன்.

"சரி, அழாத. அந்த மைக்கை இங்கிட்டு வையி" என்று மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மீதியை நீயே கேட்டுத் தெரிந்துகொள். அத்தியாயம் முழுவதும் இத்துடன் இருக்கிறது. என் குரலைக் கேட்க மாட்டேன் என்றாய், கேட்க வேண்டாம் என்றால் அழித்துவிடு. புவியியலில் அந்தக் கணவாயையும் மாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். ரஹத்துக்கும் எழுதிவிட்டேன், பதிவுகளைக் கொடுக்கலாம்.

சிரித்தது நீ என்று மாமனாரிடம் நான் சொல்லவில்லை. யாரோ ஒரு பொறுக்கி என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றிப் பேசும்போது "பாவம், நல்ல பய" என்கிறார். அதை நீதான் தீர்க்க வேண்டும்.

குல்சனா


பிஷ்கேக்
செப்டம்பர் 20

அக்கா,

பாஸ். நான்கு போட்டார்கள். நிலங்களை எப்படிப் பங்கிட்டார்கள் என்ற இடத்தில் உளறினேன், அது என் தப்பு, உங்கள் தப்பு இல்லை.

உங்கள் பதிவை வேகம் கூட்டாமல்தான் கேட்டேன். நீங்கள் படித்துக்கொண்டே வருகிறீர்கள், பெயர் வரப்போகிற இடத்தில் நிறுத்துகிறீர்கள். பெரியவர் தொண்டையைச் செருமுகிறார். "காசிமாலி" என்கிறார். நீங்கள் தொடர்கிறீர்கள். முதலில் அவர் ஏதோ போலீஸ்காரரிடம் பெயர் கொடுக்கிற மாதிரி சொன்னார். நடுவில் ஓர் இடத்தில் ஆளைக் காணோம். நீங்கள் காத்திருக்கிறீர்கள், கோழி கத்துகிறது, வெளியே இருந்து "காசிமாலிம்மா, காசிமாலி! நீ நிறுத்தாம போ" என்று சத்தம் வருகிறது. பதிவை நிறுத்திவிட்டு நான் சிரித்துவிட்டேன். உடனே அந்தப் பழைய சிரிப்பு ஞாபகம் வந்தது. கடைசிப் பக்கத்தில் தலைவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கொல்கிறார்களே, அந்த இடத்தில் அவர் பெயரை மெதுவாகச் சொன்னார்.

தேர்வில் அதே குழு. சீட்டில் வேறு கேள்விதான் வந்தது. ஆனால் பேராசிரியர் முடிக்கும்போது விடவில்லை. "சரி, போன தடவை விட்டதைச் சொல்லிட்டுப் போ. யாரு தலைமை?"

பதில் சொல்வதற்கு முன்னால் என்னை அறியாமல் தொண்டையைச் செருமினேன், அக்கா. அப்படியே அவரைப் போலவே. பிறகு காசிமாலி என்றேன்.

"அப்போ இந்தத் தடவை வாய்க்கால் வத்திப்போச்சா?" என்றார் பேராசிரியர். வரிசை சிரித்தது. அந்தப் பெண்மணியும் சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. ஆனால் போன தடவை எரிந்தது வேறு, இது வேறு.

"மேல்வாய்க்காலாரும் இருக்காரு சார்" என்றேன். "எங்க அக்காவோட மாமனாரு. அவரு பேரை அவங்க சொல்ல மாட்டாங்க. எனக்குப் பாடம் போயிரும்னு அவரே வந்து உக்காந்து, ஒவ்வொரு இடத்துலயும் அவரு பேரை அவரே சொல்லிக் கொடுத்தாரு. அவரைப் பத்திச் சிரிக்காதீங்க. அந்தப் பேரை வெட்டி ஒட்டி முதல்ல சிரிச்சவன் நான்தான், என்னாலயே அதைக் கேக்க முடியலை."

அந்தப் பெண்மணி நாற்காலியை நகர்த்திக்கொண்டார். நான்கு போட்டது பதிலுக்கா, கடைசியில் நான் சொன்னதற்கா என்று எனக்குத் தெரியாது.

இத்துடன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு இல்லை, பெரியவருக்கு. நான் பேசி நீங்கள் கேட்டதில்லை, சிரித்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பு என்னுடையது என்பதுதான் முதல் வரி. அதற்கு அடுத்ததைச் சொல்ல எனக்கு ரொம்ப நேரம் குரல் எழும்பவில்லை. வெறும் மூச்சு மட்டும் கேட்கும். வெட்டி எடுத்திருப்பேன், அதில் எனக்கு எவ்வளவு நல்ல கை என்று உங்களுக்குத் தெரியும். வெட்டவில்லை.

அவர் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள், அக்கா. சமையலறையில் வைத்துப் போடுங்கள். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். கேட்டுவிட்டு அவர் என்னைப் பற்றி என்ன சொன்னாலும், அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் அப்படியே எனக்குப் படித்து அனுப்புங்கள்.

பெக்தூர்